ஒரே வீட்டில் இரண்டு தெரு



ரெடிமேட் ஆடைகளுக்குப் பெயர்பெற்ற எங்கள் புதியம்புத்தூரில், ஒரே வீட்டின் கீழ்த்தளத்தில் அண்ணனும் மாடியில் தம்பியுமாகத் தொழில் நடத்தும் குடும்பம் ஒன்று உண்டு. சென்ற ரமலானில் அவர்களிடையே மனத்தாங்கல் முளைத்தது. "என் கணக்கை அவன் மாடியிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்க்கிறான். அவனுடைய அளவுப் பட்டியலோ எனக்குத் திறப்பதில்லை. பூட்டி வைத்துவிட்டான், ஹஜ்ரத்!" என்றார் மூத்தவர். "அல்லாஹ் அறிய நான் எதையும் பூட்டவில்லை" என்றார் இளையவர்.

இருவர் சொன்னதும் உண்மையே. என்னிடம் ஓதி, இப்போது பாலிடெக்னிக்கில் பயிலும் மாணவர் ஒருவர் வந்து பார்த்தார். கீழே உள்ள ரவுட்டரிலிருந்து கம்பி இழுத்து, மாடியில் இன்னொரு ரவுட்டர் வைத்திருந்தனர். கீழ்க் கணினியின் முகவரி 192.168.0.10. மேல் கணினியினுடையது 192.168.1.20. 255.255.255.0 என்னும் சப்நெட் மாஸ்க்கின்படி முதல் மூன்று எண்கள் தெரு, கடைசி எண் கதவிலக்கம். ஆக, ஒரே கூரையின்கீழ் இரண்டு தெருக்கள்!

மாடி ரவுட்டருக்குக் கீழ்த்தெருவில் 192.168.0.2 என்று ஒரு வாசல் இருந்தது. தம்பியின் கோரிக்கை அவ்வாசலின் பெயரில் கீழே போனதால் மறுமொழியும் தவறாமல் திரும்பிற்று. அண்ணனின் கோரிக்கைக்கு அந்த வசதியில்லை. கீழ் ரவுட்டர் மாடித்தெருவை அறியாது. அறியாததையெல்லாம் அது இணையத்தின் பக்கம் தள்ளிவிடும். 192.168 என்று தொடங்கும் எண்களோ 1996இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1918 என்னும் ஆவணத்தின்படி தனி வலையமைப்புகளுக்கென ஒதுக்கப்பட்டவை. வெளியே அவற்றுக்கு வழியில்லை.

9ஆம் நூற்றாண்டில் அப்பாஸியரின் அஞ்சல் அதிகாரியாயிருந்த இப்னு குர்தாத்பிஹ், பாதைகளையும் தொலைவுகளையும் தொகுத்து 'கிதாபுல் மஸாலிக் வல் மமாலிக்' எழுதினார். ரவுட்டருக்குள்ளும் அப்படியொரு பாதைப் பட்டியல் இருக்கிறது. "192.168.1.0 தெருவுக்கு 192.168.0.2 வழியாகச் செல்க" என்று மாணவர் அதில் ஒரு வரி சேர்த்தார். மாடி ரவுட்டரில் முகவரி மாற்றும் 'நாட்' வேலையை நிறுத்தி, அதன் காவலையும் தளர்த்தினார்.

அப்போதும் திறக்கவில்லை! விண்டோஸின் ஃபயர்வால் கோப்புப் பகிர்வுக்குத் தன் தெருவினரை மட்டுமே உள்ளே விடும் வழக்கமுடையது. இரு கணினிகளிலும் மறுதெருவுக்கு அனுமதி எழுதிய பின்னரே பட்டியல் கீழே திறந்தது. அது பெருநாளுக்கு நான்கு நாள் முன்பு. திறந்ததும், ஒரு கைநீளம் தவறாகப் பதியப்பட்டிருப்பதாக அண்ணன் குறை கண்டார். தம்பி சிரித்துக்கொண்டே நாடாவுடன் கீழே இறங்கி வந்தார்.