பாட்டுக்கு எதுக்கு எம்.ஏ.,?

என் மகள், பி.ஏ., சங்கீதம் முடித்து விட்டாள். அடுத்து எம்.ஏ., சேர்ந்து, சர்ச்சிலும், பள்ளியிலும் பிள்ளைகளுக்கு எப்படி முறையாகப் பாட்டு சொல்லிக் கொடுப்பது என்பது குறித்தே ஆய்வும் செய்யப் போகிறேன் என்கிறாள். இதைக் கேட்டதும், வீட்டில் ஆளாளுக்கு ஒரு பேச்சு.

'பாட்டுக்கு எதுக்கு எம்.ஏ.,? கோவில்ல கீபோர்டு வாசிக்க, படிச்சது போதாதா...' என்றார், என் கொழுந்தனார்.

'அதைக் கூட விடுங்க மதினி... வேதக்காரப் பிள்ளை, மத்த சாமி பாட்டெல்லாம் படிச்சுக்கிட்டிருந்தா, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்லுவாங்க...' என்றார், நாத்தனார்.

இரண்டாவது கேள்வி தான், எனக்குச் சுருக்கென்றது. காரணம், அதே கேள்வியால் தான், 40 ஆண்டுகளுக்கு முன், என் பாட்டு நின்று போனது.

அப்போது எனக்கு, 11 வயது. தெருக்கோடியில் இருந்த பாட்டு டீச்சரிடம், சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் எல்லாம் முடித்து, கீதத்திற்கு வந்தேன். முதல் கீதம், மலஹரி ராகத்தில், பிள்ளையார் மீது பாடுவது. அதை வீட்டில் ஆசையாகப் பாடிக் காட்டினேன். மறுநாளில் இருந்து, 'பாட்டு கிளாசுக்குப் போக வேண்டாம்' என்று விட்டார், அப்பா. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அது, அவர் விசுவாசம். ஆனால், பாட்டை விடாமல் இருக்க வேறு வழி உண்டா என்று கேட்கக் கூட, எங்களுக்குத் தெரியவில்லை.

வழி, அதற்கு வெகு காலம் முன்பே இருந்தது என்பதை, என் மகள் சொல்லித் தான் தெரிந்து கொண்டேன்.

தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர், நம் தென்காசி பக்கம், சாம்பவர் வடகரையில், 1859ல் பிறந்தவர். ஆசிரியராக இருந்து, சித்த வைத்தியரானவர். இசை பயில்வோர் பொருள் புரிந்து பாட வேண்டும் என்று, கீதம், கீர்த்தனைகளைத் தமிழிலேயே, கிறிஸ்தவ பக்தியோடு இயற்றி வைத்தார். 1917ல், 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரிய இசை ஆராய்ச்சி நூலையும் வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு, பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில், அவர் கருத்துகளைப் பாடியும், வீணை வாசித்தும் விளக்கியவர்கள், அவருடைய பெண் மக்கள். 100 ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு தகப்பன் அப்படி நினைத்திருக்கிறார். நாம் இன்னும், 'மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வரோ' என்று பயந்து கொண்டிருக்கிறோம்.

அவருக்கும் முன், 1774ல் பிறந்த வேதநாயக சாஸ்திரியார், 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதினார். ஊரெல்லாம் பாடி ஆடிய குறவஞ்சியையே எடுத்து, வேதத்தைச் சொன்னார்.

இன்று நிலைமை என்ன? எங்கள் சபை கீர்த்தனை புத்தகத்தில், பாடல்களுக்கு மேல், ராகமும், தாளமும் அச்சிட்டிருக்கிறது. அதைப் பார்த்துப் பாட, எங்கள் பாடகர் குழுவில், இரண்டு பேருக்குக் கூடத் தெரியாது. ஓய்வு நாள் பள்ளியில், யாருக்குக் குரல் நன்றாக இருக்கிறதோ, அவரே டீச்சர். பிள்ளைகள் சுருதி எட்டாமல் தொண்டை கிழியக் கத்துவதை, 'உற்சாகமாப் பாடுறாங்க' என்று சொல்லி விடுகிறோம். கணக்குக்கும், அறிவியலுக்கும் எம்.எஸ்சி., படித்தவரைத் தேடும் நாம், பாட்டுக்கு மட்டும், 'யாராவது' போதும் என்கிறோம்.

திருச்சி கலைக்காவிரி, கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவர், 1977ல் துவக்கியது. அங்கு இசையும், நடனமும் பட்டப் படிப்பாகவே சொல்லித் தரப்படுகிறது. விசுவாசத்திற்கும், சங்கீதத்திற்கும் சண்டை இல்லை என்பதற்கு, வேறு சாட்சி எதற்கு?

'எல்லா பாட்டும் படிப்பியே, உன் மனசுக்கு உறுத்தலையா?' என்று, மகளிடமே கேட்டேன். 'அவங்க பக்தியை மதிச்சுப் படிக்கிறேன். என் பக்தி என்கிட்ட தானம்மா இருக்கு...' என்றாள். அதற்கு மேல், எனக்குக் கேள்வி இல்லை.

அவள் கல்யாணத்திற்கென்று கட்டி வந்த நகைச்சீட்டு, சென்ற மாதம் முதிர்ந்தது. என் கணவரிடம் பேசினேன். இரண்டு நாள் யோசித்து, 'பாதியை பீசுக்கு எடுத்துக்கோ...' என்றார். வளையல் இரண்டு குறைந்தால், குடி மூழ்காது.

சகோதரிகளே... பாட்டு படிக்கும் பெண் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்தால், 'பெண் பார்க்க வரும்போது, ஒரு பாட்டு பாடினால் போதும்' என்று நிறுத்தி விடாதீர்கள். சபைப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்... ஒலிபெருக்கி மாற்ற வசூல் செய்வது போல், இசை மேற்படிப்பு படிக்கும் ஒரு பிள்ளைக்கு, ஆண்டுதோறும் உதவித்தொகை கொடுங்கள். ஒலிபெருக்கி, 10 ஆண்டில் பழுதாகி விடும். நன்றாகப் படித்த ஒரு பாட்டு டீச்சர், இரண்டு தலைமுறையைப் பாட வைப்பாள்!

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாளையங்கோட்டை.