வெட்டுவதற்கு முன் மரத்தில் அறிவிப்பு: ஸ்ரீமுஷ்ணம் வட்டார மக்களின் கோரிக்கைச் சாசனம்

ஸ்ரீமுஷ்ணம் வட்டத்து மரங்களையும் உயிர்வேலிகளையும் குறித்து, இங்கே குடியிருப்பவர்களும் பயிர் செய்பவர்களும் கடை வைத்திருப்பவர்களும் சேர்ந்து கடலூர் மாவட்ட நிர்வாகத்தின் முன்னும் தமிழ்நாடு அரசின் முன்னும் வைக்கும் கோரிக்கைகள் இவை.

பூவராகப் பெருமாள் கோயிலின் தலமரம் அரசு. பெருமாளின் கண்களிலிருந்து அரசும் துளசியும் தோன்றின என்கிறது தலபுராணம். அந்த மரத்தின் மேல் யாரும் அரிவாள் வைக்கப் போவதில்லை. கோயில் மதிலைத் தாண்டிய மரங்களுக்கு அப்படியொரு காவல் கிடையாது. சாலையோரப் புளி, ஏரிக்கரைப் பனை, புறம்போக்கில் நிற்கும் வாகை, வண்டிப்பாதை ஓரத்துக் கிளுவை வேலி ஆகியவற்றுக்காகவே பேசுகிறோம்.

மரத்தில் கை வைக்க அனுமதி வாங்குவது இன்று இரண்டு விதமாக நடக்கிறது. வீட்டுக் கூரை மேல் சாய்ந்து நிற்கும் பட்டுப்போன மரத்தை எடுக்க ஒரு கூலிக் குடும்பம் மனு எழுதினால், அது கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து வருவாய் ஆய்வாளருக்கும், அங்கிருந்து வட்டாட்சியருக்கும், பிறகு வனத்துறைக்கும் போய், "இது எங்கள் எல்லையில் இல்லை" என்ற பதிலோடு திரும்பி வருகிறது. அதற்குள் ஒரு மழைக்காலம் கடந்துவிடுகிறது. மறுபுறம், அகலப்படுத்த வேண்டிய சாலையின் இருமருங்கிலும் நின்ற மரங்கள் விடிவதற்குள் துண்டு துண்டாக லாரி ஏறிவிடுகின்றன. யார் அனுமதித்தார்கள், எத்தனை மரத்துக்கு அனுமதித்தார்கள் என்று கேட்டால் தாளைக் காட்ட அங்கே ஆள் இருப்பதில்லை. ஆபத்தான மரத்தைக் காலத்தில் அகற்றவும் நல்ல மரத்தைக் காப்பாற்றவும் ஒரே விதி போதும். அது எல்லார் கண்ணுக்கும் தெரிகிற விதியாக இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? மலைப்பகுதி மரங்களுக்குத் தமிழ்நாட்டில் 1955-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஈட்டி மரத்துக்கு 1994-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. எங்களைப் போன்ற சமவெளி ஊர்களின் எல்லா மரங்களுக்கும் பொதுவாக ஒரு மரப் பாதுகாப்புச் சட்டம் இல்லை. கர்நாடகம் 1976-லேயே இயற்றிவிட்டது. டெல்லி 1994-ல் இயற்றியது. இங்கே மரம் எந்த நிலத்தில் நிற்கிறதோ அந்த நிலத்தின் துறைதான் அதன் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. சாலை என்றால் நெடுஞ்சாலைத்துறை, ஏரிக்கரை என்றால் நீர்வளத்துறை, கோயில் நிலம் என்றால் அறநிலையத்துறை, தெரு என்றால் பேரூராட்சி. அரசு நிலத்து மரங்களுக்காக ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது. பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசே அறிவித்தது. இரண்டையும் மனமார வரவேற்கிறோம். ஆனால் அந்தக் குழுவின் முன் எந்த மரம் எப்போது வருகிறது என்று அந்த மரத்தடியில் டீக்கடை வைத்திருப்பவருக்குத் தெரிவதில்லை. எங்கள் முதல் கோரிக்கை இங்கேதான் பிறக்கிறது.

பொது நிலத்து மரம் எதையும் வெட்டுவதற்கும், பெயர்த்து நடுவதற்கும், பெருங்கிளைகளைக் கழிப்பதற்கும் குறைந்தது 15 நாள் முன்னதாக, அந்த மரத்திலேயே தமிழில் அறிவிப்பு கட்டப்பட வேண்டும். ஆணி அடிக்கக் கூடாது, சணல் கயிற்றால் கட்டினால் போதும். எந்தத் துறை, என்ன காரணம், எந்த நாள், ஆட்சேபணையை யாரிடம் கொடுப்பது என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். இது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. மகாராஷ்டிரத்தின் நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டம் 1975-ல் வந்தது. வெட்டப்போகும் மரத்தில் கண்ணில் படும் இடத்தில் அறிவிப்பு ஒட்ட வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. மும்பையில் முடிவது ஸ்ரீமுஷ்ணத்திலும் முடியும்.

அடுத்து, ஒரே வாசல். எந்தத் துறையின் மரமானாலும் மனுவை வட்டாட்சியர் அலுவலகத்திலோ இ-சேவை மையத்திலோ கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்க வழி வேண்டும். மரம் யாருடையது என்று கண்டுபிடிப்பது அரசின் வேலை, மனுதாரரின் வேலை அல்ல. 30 நாளுக்குள் ஆம் அல்லது இல்லை என்று காரணத்தோடு பதில் வர வேண்டும். உயிருக்கு ஆபத்தான மரமென்றால் 48 மணி நேரத்துக்குள் ஆள் வந்து பார்க்க வேண்டும். இந்த மாவட்டத்துக்கு அந்த ஆபத்தைச் சொல்லித் தரவேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது.

மின்கம்பிக்காகக் கிளை கழிக்கும் விதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கம்பி போகும் பக்கத்துக் கிளைகளை மட்டும் அடியோடு தறித்துவிடுகிறார்கள். கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டும்போது அது முறிந்து, அடிமரத்துப் பட்டையை முழ நீளத்துக்கு உரித்துக்கொண்டு தொங்குகிறது. உரிந்த இடத்தில் மழைத்தண்ணீர் இறங்கி உள்ளே உளுத்துப்போகிறது. பாரமெல்லாம் மறுபக்கம் சாய்ந்த அந்த மரம், ஐப்பசி மழையில் மண் இளகியதும் அடுத்த காற்றுக்குச் சாலையில் விழுகிறது. விழுந்தபின் பழி மரத்தின் மேல் வருகிறது. முதலில் கீழ்ப்புறம் ஒரு கீறல், பிறகு மேல்புறம் வெட்டு, கடைசியில் கிளைக் கழுத்தை ஒட்டி மொட்டையை எடுப்பது. தோட்டக்கலை படித்தவர்கள் எல்லாரும் அறிந்த முறை இது. கிளை கழிக்கும் ஒப்பந்தங்களில் இதை நிபந்தனையாக எழுதுங்கள், மின் ஊழியர்களுக்கு ஆண்டுக்கொருமுறை பயிற்சி கொடுங்கள். கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும் மரத்தில் குஞ்சு பறக்கும்வரை கை வைக்கக் கூடாது. காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் கலைப்பதை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையாடுவதோடு சேர்த்தே வைத்திருக்கிறது.

வேலிகளுக்கு வருவோம். எங்கள் வட்டத்தில் காடு கழனிகளுக்குக் கிளுவையும் நொச்சியும் கள்ளியும் கொடுக்காப்புளியும்தான் வேலியாக நின்றன. அதில் பிரண்டையும் முடக்கத்தானும் கோவையும் படர்ந்தன. கீழே கீரியும் கவுதாரியும் குடியிருந்தன. செம்போத்து குஞ்சு பொரித்தது. சளி பிடித்த பிள்ளைக்கு நொச்சித்தழை வேண்டுமென்றால் வேலிக்குப் போனால் போதும். ஒரு தலைமுறை வளர்த்த அந்த வேலியை ஜேசிபி ஒரு காலை நேரத்தில் வழித்தெடுத்துவிடுகிறது. பின்னர் கல்தூணும் முள்கம்பியும் வருகின்றன. இங்கிலாந்தில் 1997-லிருந்து உயிர்வேலிக்கென்று தனி விதிகள் இருக்கின்றன. ஊர்ப்புறத்தில் 20 மீட்டர் அல்லது அதற்கு மேல் நீண்ட வேலியைப் பிடுங்க நினைப்பவர் உள்ளாட்சிக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து 42 நாள் காத்திருக்க வேண்டும். நம்மிடம் வேலிக்கு ஒரு வரி சட்டமும் இல்லை.

சொந்த வயலின் வேலியை ஆண்டுதோறும் கழித்துவிடும் விவசாயி யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்பதை அழுத்தமாகச் சொல்கிறோம். விவசாயிக்கு இன்னொரு அலுவலகப் படியேற்றம் வேண்டாம். வண்டிப்பாதை, வாய்க்கால், ஏரிக்கரை ஓரங்களில் பொது நிலத்தில் நிற்கும் உயிர்வேலிகளை மட்டும் பதிவு செய்து, அவற்றை வேரோடு எடுக்க அனுமதி கட்டாயம் ஆக்குங்கள். சீமைக் கருவேலத்தை அகற்றுவதை ஆதரிக்கிறோம். ஆனால் அந்தப் பணிக்கான ஏலத்தில் நாட்டுக் கருவேலமும் வெள்வேலமும் கொடுக்காப்புளியும் சேர்ந்து போகாதபடி, நிற்க வேண்டிய மரங்களில் முன்கூட்டியே சுண்ணாம்பு அடித்து எண் போட வேண்டும்.

கணக்கும் வேண்டும். புறம்போக்கு மரங்களை அனுபவிப்பவர்களுக்கு 2-சி பட்டா கொடுக்கும் வழக்கம் வருவாய்த்துறையில் முன்பே இருப்பதுதான். அந்தக் கணக்கைப் புதுப்பித்து, ஒவ்வொரு ஜமாபந்தியிலும் போன ஆண்டு நின்ற மரம் எத்தனை, இந்த ஆண்டு எத்தனை என்று வாசித்துக் காட்டுங்கள். ஐம்பது வயதைத் தாண்டிய மரங்களைத் தனிப்பட்டியலாக எழுதுங்கள். மகாராஷ்டிரம் 2021-ல் கொண்டுவந்த திருத்தம் அவற்றைப் பாரம்பரிய மரங்கள் என்கிறது. பேரூராட்சியும் ஊராட்சிகளும் 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி அமைக்க வேண்டிய மேலாண்மைக் குழுக்கள் இந்தப் பட்டியலைத் தயாரிக்கட்டும். குழுவில் பனையேறிகளும் ஆடு மாடு மேய்ப்பவர்களும் இருக்கட்டும். எந்த மரம் எங்கே நிற்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

வெட்டிய மரத்துக்கு ஈடாகக் கன்று நடும்போது, நட்ட எண்ணிக்கையைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். மூன்றாம் கோடையைத் தாண்டி உயிரோடு நிற்கும் எண்ணிக்கைக்குக் கொடுங்கள். அதுவரை ஒப்பந்ததாரரின் வைப்புத்தொகையைப் பிடித்து வையுங்கள். புளி போன சாலையோரத்தில் புளியோ புங்கையோ வேம்போதான் வர வேண்டும், அழகுக்கு வைக்கும் குட்டைச் செடி வேண்டாம். 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மதுரா அருகே அனுமதியின்றி வெட்டப்பட்ட 454 மரங்களுக்கு மரத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் தண்டம் விதித்தது. இங்கே திருட்டுத்தனமாக மரம் சாய்ப்பவர் ஏலத்தொகையை விடக் குறைந்த அபராதம் கட்டிவிட்டுப் போக இனி வழி இருக்கக் கூடாது.

மரத்தில் அறிவிப்பு, ஒரே வாசல், காலக்கெடு, கிளை கழிக்கும் நிபந்தனை, ஜமாபந்தி கணக்கு ஆகியவற்றை நடைமுறைப்படுத்த ஆட்சியரின் சுற்றறிக்கையிலிருந்தே தொடங்கலாம். சமவெளிக்கான மரப் பாதுகாப்புச் சட்டமும் உயிர்வேலிக்கான விதியும் சட்டமன்றத்தின் கையில் இருக்கின்றன. பசுமைப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்த 2022-ல் இயக்கம் தொடங்கிய அரசிடம் இவற்றைக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டு.

இந்தச் சாசனம் மாவட்ட ஆட்சியர், மாவட்ட வன அலுவலர், ஸ்ரீமுஷ்ணம் வட்டாட்சியர், பேரூராட்சிச் செயல் அலுவலர், தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் ஆகியோரிடம் அளிக்கப்படுகிறது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்தனியாக, எழுத்தில், வரும் ஜமாபந்திக்குள் பதில் வேண்டும்.