ஃபேன் சுத்துது... ஸ்கிரீன் மட்டும் கும்மிருட்டு!

பார்த்துப் பார்த்து பார்ட்ஸ் வாங்கி, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் நீங்களே முறுக்கி, சாமியைக் கும்பிட்டு பவர் பட்டனை அமுக்கறீங்க. ஃபேன் சுத்துது, கலர் கலரா லைட் எரியுது. மானிட்டர் மட்டும் 'நோ சிக்னல்'னு சொல்லிட்டுத் தூங்கப் போயிடுது. பின்னாடி நிக்கிற அப்பா, "இதுக்குத்தான் ரெடிமேடா வாங்குன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்"னு ஆரம்பிக்கிறார். அடுத்த வாரம் ப்ராஜெக்ட் ரிவ்யூ வேற!

டென்ஷன் வேண்டாம் பாஸ். இந்த நேரத்துல நிறைய பேர் செய்யற காரியம், மொத்தப் பெட்டியையும் வண்டியில வெச்சுக்கிட்டு ரிச்சி தெருவுக்குப் பறக்கிறது. யாராவது "போர்டு போயிடுச்சு தம்பி"ன்னு சொன்னா, உடனே புது போர்டு. அதை மாட்டியும் கிளம்பலேன்னா? அடுத்து ராம், அப்புறம் பவர் சப்ளை. செமஸ்டர் ஃபீஸ் அளவுக்குப் பணம் போன பிறகு பார்த்தா, ஒரு ஒயர் சரியா சொருகாம இருந்திருக்கும்!

அதனால ஒரே ஒரு மந்திரம்: யூகம் பண்ணாதீங்க, குறைச்சுக்கிட்டே வாங்க. ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்துங்க.

பட்டனை அமுக்கினதும் போர்டு தன்னைத்தானே செக் பண்ணிக்கும். அதுக்குப் பேர் 'போஸ்ட்'. ப்ராசஸர், ராம், டிஸ்ப்ளே எல்லாம் ஓகேன்னாதான் கடைசியில ஹார்ட் டிஸ்க் பக்கம் போகும். இப்போ வர்ற பல போர்டுகள்ல இந்த நாலுக்கும் நாலு குட்டி லைட் இருக்கு. எந்த லைட் அணையாம நிக்குதோ, அங்கேதான் சிக்கல். லைட் இல்லாத போர்டா? அறிகுறியை வெச்சே கண்டுபிடிக்கலாம்.

ஒண்ணுமே அசையலையா? பவர் சப்ளைக்குப் பின்னாடி ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும், அதைப் பாருங்க. சிரிக்காதீங்க, பாதிப் பேர் மாட்டுறது இங்கேதான்! அடுத்து 24 பின் கனெக்டர் 'க்ளிக்'னு உட்கார்ந்திருக்கான்னு அழுத்திப் பாருங்க. அப்பவும் இல்லேன்னா, கேபினட் பட்டன்ல இருந்து வர்ற சின்ன ஒயரைக் கழட்டிட்டு, போர்டுல அது இருந்த ரெண்டு பின்னையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால ஒரு நொடி தொடுங்க. கிளம்பிடுச்சுன்னா குத்தம் பட்டன் மேல, போர்டு மேல இல்லை.

ஃபேன் சுத்துது, படம் வரலையா? ப்ராசஸருக்குன்னு போர்டின் மேல்மூலையில தனியா ஒரு 8 பின் கனெக்ஷன் உண்டு. அதை மறந்தா ஃபேன் சுத்தும், வேலை நடக்காது. அடுத்து மானிட்டர் கேபிள். கிராபிக்ஸ் கார்டு இருந்தா கேபிள் அதுலதான் போகணும், போர்டுல இல்லை. இன்டெல்லின் ஐ5-12400எஃப் மாதிரி 'எஃப்'னு முடியற ப்ராசஸர்ல உள்ளேயே டிஸ்ப்ளே வசதி கிடையாது. தனி கார்டு இல்லாம படமே வராது.

இப்போ ராம். ரெண்டு பக்கமும் சத்தம் கேட்கிற வரைக்கும் அழுத்தணும். நாலு ஸ்லாட் போர்டுல ஒரே ஒரு ராம்னா, பெரும்பாலும் ப்ராசஸர் பக்கமிருந்து எண்ணி ரெண்டாவது ஸ்லாட். மேனுவலைப் பார்த்து உறுதி பண்ணிக்கோங்க. டி.டி.ஆர்.5 ராமா? முதல் தடவை போர்டு அதோட பழகிக்கவே சில நிமிஷம் ஆகலாம். ஸ்கிரீன் இருட்டா இருக்கேன்னு நடுவுல ஆஃப் பண்ணிடாதீங்க. ஒரு டீ குடிச்சுட்டு வாங்க.

இன்னொரு வில்லன், பழைய பயாஸ். 2018-ல வந்த பி450 போர்டுக்கு, 2020 நவம்பர்ல வந்த ரைசன் 5000 ப்ராசஸர் யாருன்னே தெரியாது, பயாஸ் அப்டேட் பண்ற வரைக்கும். சில போர்டுல பென் டிரைவை சொருகி, பின்னாடி இருக்கிற ஃப்ளாஷ்பேக் பட்டன் மூலமாவே அப்டேட் பண்ணிடலாம்.

பயாஸ் ஸ்கிரீன் வருது, விண்டோஸ் வரலையா? சந்தோஷப்படுங்க, போர்டு, ப்ராசஸர், ராம் எல்லாம் உயிரோட இருக்கு! டிஸ்க் பேர் பயாஸ்ல தெரியுதா, பூட் வரிசையில முதல்ல இருக்கான்னு மட்டும் பாருங்க. சில போர்டுல எம்.2 டிஸ்க் போட்டா ஒண்ணு ரெண்டு சாட்டா போர்ட் வேலை செய்யாது. மேனுவல்ல எழுதியிருப்பாங்க.

எதுக்கும் மசியலையா? கடைசி அஸ்திரம். போர்டைக் கழட்டி, அது வந்த அட்டைப்பெட்டி மேல வைங்க. ப்ராசஸர், கூலர், ஒரு ராம், பவர் சப்ளை, டிஸ்ப்ளேக்குத் தேவைன்னா கார்டு. அவ்வளவுதான். இப்போ கிளம்பினா, கேபினட்ல எங்கேயோ போர்டின் அடிப்பக்கம் இரும்புல இடிச்சு ஷார்ட் ஆகியிருக்கு. கிளம்பின பிறகு ஒவ்வொண்ணா சேர்த்துக்கிட்டே வாங்க. எதைச் சேர்த்ததும் படுத்துக்குதோ, அதுதான் குற்றவாளி!

ரெண்டு எச்சரிக்கை. ஒவ்வொரு தடவை கை வைக்கிறதுக்கு முன்னாடியும் பிளக்கைப் பிடுங்குங்க. பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்கவே திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர்ல ஷாக் அடிக்கிற அளவுக்கு கரண்ட் தங்கியிருக்கும்.

கம்ப்யூட்டர் கிளம்பலேன்னா ப்ராஜெக்ட் அழிஞ்சுபோச்சுன்னு அர்த்தமில்லை. டிஸ்க் நல்லா இருந்தா ஃபைல் பத்திரம். அதனால "எல்லாத்தையும் ஃபார்மட் பண்ணிடலாம்"னு யார் சொன்னாலும் உடனே தலையாட்டாதீங்க. விண்டோஸ்ல பிட்லாக்கர் ஆன்ல இருந்தா, பயாஸை ரீசெட் பண்ணின பிறகு 48 இலக்க ரெகவரி கீ கேட்கலாம். உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல இருக்கான்னு போன்லயே பார்த்து முதல்ல எழுதி வைங்க.

இவ்வளவும் பண்ணிட்டு கடைக்குப் போங்க. அப்போ "சார், ஆன் ஆகலை"ன்னு கெஞ்ச மாட்டீங்க. "இந்த ராமைப் போட்டா மட்டும் கிளம்பலை, வாரன்ட்டியில மாத்திக் கொடுங்க"ன்னு கேப்பீங்க. ஒவ்வொரு பார்ட்டுக்கும் தனித்தனி வாரன்ட்டி இருக்கே! பில் எல்லாத்தையும் ஒரே கவர்ல போட்டு வெச்சிருக்கீங்கதானே?