நெடுநாள் நின்ற காருக்குச் சாவி போடுமுன்



ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக் பக்கத்து வீடுகளில் வாசலோரம் ஒரு பழைய புரோட்டோன் சாகா போர்வை போர்த்தி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 1985 ஜூலையில் வெளிவந்த நம் முதல் நாட்டுக் கார் அல்லவா! அப்பா ஓட்டியது, விற்க மனம் வரவில்லை என்பார்கள். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நிறுத்தியது, அப்படியே நின்றுவிட்டது என்போரும் உண்டு. ஒருநாள் வீட்டுப் பிள்ளை புது பேட்டரியோடு வந்து, "ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்ப்போமே" என்பான். அந்தக் கையைத்தான் தடுக்கச் சொல்கிறேன்.

பெட்ரோல் ஒரே பொருளன்று, பல எண்ணெய்களின் கலவை. நிற்க நிற்க அதில் எளிதில் தீப்பற்றும் இலேசான பகுதி ஆவியாகிவிடும். மிஞ்சியது காற்றோடு சேர்ந்து பிசினாக மாறும். கோப்பையில் ரப்பர் பால் உறைவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. அரைகுறையாக நிரம்பிய டாங்கிக்குள் காற்றின் ஈரமும் நீராகப் படிந்து அடியில் தங்கும். கடலோர ஜெராமில் ஈரத்துக்கா பஞ்சம்? இரும்பு டாங்கி உள்ளேயே துருவேறும். சாவியைத் திருகினால் பம்ப் இவ்வளவையும் இழுத்துக் கார்புரேட்டரை நோக்கித் தள்ளும். டாங்கியோடு முடிய வேண்டிய வேலை எஞ்சின் வரை போய்விடும்.

முதலில் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் போய் வார்னிஷ் போல் புளித்த நெடி வந்தால் அந்த எண்ணெய் கெட்டுவிட்டது. மேலே புது எண்ணெய் ஊற்றிச் சமாளிக்கலாம் என்று எண்ணாதீர்கள். கடையில் விற்கும் சுத்தம் செய்யும் மருந்துப் போத்தலும் இறுகிய பிசினைக் கரைத்துவிடாது. வடித்தே ஆக வேண்டும்.

இந்த இடத்தில் வாத்தியார் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவார், பொறுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து அடுப்படி வரை போகும், சாமி விளக்கு வரை போகும். ஆகவே காரைத் திறந்த வெளிக்குத் தள்ளி, எஞ்சின் குளிர்ந்திருக்க, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பக்கத்தில் தீயணைப்புக் கருவி இருக்கட்டும். ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சவே கூடாது. நுரையீரலுக்குள் சிறிது போனாலும் உயிருக்கே ஆபத்து. கைப்பம்ப் வாங்கிக்கொள்ளுங்கள். வடித்ததைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கிறார்களே, அதுதான் எனக்குப் பெரிய பயம். தாகத்தோடு விளையாடி வரும் பிள்ளைக்கு அது பெட்ரோல் என்று எப்படித் தெரியும்? குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். எண்ணெய்க்கென்றே உள்ள கலத்தில் பிடித்து, பழைய எண்ணெய் எடுத்துக்கொள்ளும் பட்டறையில் கொடுங்கள். கால்வாயில் ஊற்றக் கூடாது, செம்பனை மரத்தடியிலும் கூடாது.

டாங்கியில் துருத்தூள் வந்தால் கழற்றிப் பட்டறையில் கழுவச் சொல்லுங்கள். ஓட்டை இருந்தாலும் வெல்டிங் நெருப்பை வீட்டில் அதன் அருகே கொண்டு போகாதீர்கள். காலியான டாங்கியில் நிற்கும் ஆவி வெடிக்கும்.

வடிகட்டியை மாற்றுங்கள், வெடிப்பு விழுந்த ரப்பர் குழாய்களையும் மாற்றுங்கள். பழைய சாகாவின் கார்புரேட்டரைப் பிரிக்குமுன் கைபேசியில் நாலு படம் எடுத்துக்கொண்டால் திரும்பப் பூட்டும்போது சண்டை வராது. ஜெட் எனும் சிறு துளைகளில்தான் பிசின் அடைக்கும். அதற்குரிய திரவத்தை அடித்து ஊறவிட்டு, காற்றால் ஊதுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, பிறகு கார் எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

ஊசிமுறையில் எண்ணெய் பாயும் பிந்திய கார்களில் பம்ப் பெரும்பாலும் டாங்கிக்குள்ளேயே இருக்கும், குழாயில் அழுத்தமும் அதிகம். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

டீசல் வேன்காரர்களுக்கு ஒரு சொல். 2019-இல் வாகன டீசலில் பத்து விழுக்காடு செம்பனை பயோடீசல் கலக்கத் தொடங்கினார்கள். அது வெறும் டீசலைவிட ஈரத்தை அதிகம் இழுக்கும். நீர் சேர்ந்த இடத்தில் கிருமி வளர்ந்து கறுப்புச் சேறாகும். நீர் பிரிக்கும் வடிகட்டியைப் பார்த்துவிட்டே எடுங்கள்.

எல்லாம் பூட்டியதும் ஐந்து லிட்டர் புது பெட்ரோல் போதும். எஞ்சின் எண்ணெயையும் பார்த்துவிடுங்கள். சாவி போட்டதும் ஒருவர் ஒவ்வொரு குழாய் மூட்டாகக் கசிவு பார்க்கட்டும். ஒரு சொட்டு தெரிந்தாலும் உடனே நிறுத்துங்கள். ஓடத் தொடங்கினால், முதல் வாரம் பாசார் வரை மட்டும் போய் வந்து, வடிகட்டியை இன்னொரு முறை மாற்றிவிடுங்கள்.