பெயரை மாற்றினால் சூது மாறுமா?

சூது ஒரு நாட்டுக்குள் நுழையுங்கால் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு நுழைவதில்லை. விளையாட்டு என்றும், முன்கணிப்பு என்றும், அரசுக்கு வருவாய் என்றும், இக்காலத்தில் செய்தி என்றுங்கூட நல்ல பெயர்களைப் பூண்டே நுழைகின்றது. இவ்வுண்மையை அறிய விரும்புவார் இத்தாலி நாட்டின் கால்பந்து வரலாற்றைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும். 'சீரியே ஆ' எனப்படும் அந்நாட்டின் முதனிலைக் கால்பந்துத் தொடரைச் சூது எவ்வாறு படிப்படியாகப் பற்றிக்கொண்டது என்பது எந்நாட்டார்க்கும் பாடமாக அமையத்தக்கது.

தொடக்கம் எளிமையானது. மாசிமோ தெல்லா பெர்கோலா என்னும் விளையாட்டு இதழாளர், யூதர் என்பதற்காகவே 1938ஆம் ஆண்டின் இனவெறிச் சட்டங்களால் பணியிழந்தவர். போர்க்காலத்தில் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிச் சென்று, அங்கு ஏதிலியர் பாளையத்தில் அடைபட்டிருந்தபொழுது, கால்பந்து முடிவுகளை முன்கூட்டிக் கணிக்கும் சீட்டு ஒன்றை அவர் எண்ணி வகுத்தார். போர் முடிந்தபின் நண்பர் இருவரோடு கூடிச் 'சிசால்' என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1946 மே 5ஆம் நாள் முதற்சீட்டு வெளிவந்தது. விலை 30 இலிரா. சொந்தத் திடலில் ஆடும் அணி வெல்லுமெனின் 1, வந்த அணி வெல்லுமெனின் 2, நிகராய் முடியுமெனின் ஒரு பெருக்கற்குறி. இவ்வளவே அதன் இலக்கணம்.

இரண்டே ஆண்டுகளில், 1948இல், அரசு அச்சீட்டைத் தன்கைப்படுத்தி நாட்டின் ஒலிம்பிக்குக் குழுவிடம் ஒப்படைத்தது. 'தோத்தோகால்சியோ' என்னும் பெயரும் இடப்பெற்றது. முதலில் 12 போட்டிகள், பின்னர் 13. பதின்மூன்றையும் சரியாகக் குறித்தவன் பெருஞ்செல்வன் ஆனான்; 'பதின்மூன்று போட்டான்' என்பதே இத்தாலிய மொழியில் நல்லூழ் வாய்த்தவனைக் குறிக்கும் வழக்காயிற்று. ஆனால் பதின்மூன்று போட்டிகளை மும்மூன்று வகையாய்க் குறிக்கும் வழிகள் மொத்தம் 15,94,323 என்பதை எத்துணைப் பேர் எண்ணிப் பார்த்தனர்? அவ்வருவாயால் இத்தாலியின் விளையாட்டுத்துறை வளர்ந்தது மெய்யே. எனினும் ஆட்டத்தைப் பார்ப்பவன் ஆட்டத்தின்மேல் பணம் வைப்பவனாக மாறியதும் அன்றே.

சீட்டு வாரத்துக்கொரு முறை. அதுவும் பல போட்டிகள் ஒருங்கு சேர்ந்தது. ஒற்றைப் போட்டியின்மேல் பெருந்தொகை வைக்க விரும்பியவன் கள்ளச் சந்தையை நாடினான். அதற்குத் 'தோத்தோநேரோ' என்று பெயர்; நேரோ என்பது கறுப்பு. 1980இல் அக்கறுப்பு வெளிப்பட்டது. உரோமை நகரின் பழ வணிகர் ஒருவரும் உணவுவிடுதி உரிமையாளர் ஒருவரும், ஆட்டக்காரர்க்குப் பணங்கொடுத்தும் சொன்னபடி முடிவு வரவில்லை என்று தாமே சென்று முறையிட்டனர்! அவ்வாண்டு மார்ச்சு 23ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காவலர் விளையாட்டரங்குகளுக்கே சென்று ஆட்டக்காரரைச் சிறைப்பிடித்தனர். மிலான், இலாசியோ என்னும் இரு புகழ்பெற்ற கழகங்கள் இரண்டாம் நிலைத் தொடருக்குத் தள்ளப்பட்டன. தாம் குற்றமற்றவர் என்றே இறுதிவரை கூறிய பாவ்லோ உரோசி ஈராண்டு ஆடாதிருந்து, 1982இல் திரும்பி, உலகக் கோப்பையில் 6 முறை பந்தை வலைக்குள் செலுத்தித் தம் நாட்டுக்கு வெற்றி தேடித் தந்தார். அந்நாள் முறைமன்றமோ குற்றஞ்சாட்டப்பட்டோரை விடுவித்தது. விளையாட்டில் செய்யும் வஞ்சத்தைக் குற்றமாக்கும் சட்டமே அன்று இல்லை. அது 1989இல்தான் இயற்றப்பட்டது.

கள்ளச் சந்தையை ஒழிக்க வழி யாது? 'அரசே ஒப்புதல் தந்துவிட்டால் கள்ளம் தானே ஒழியும்' என்றனர். 1998இல் ஒற்றைப் போட்டிகளின்மேல் பணையம் வைத்தலும் சட்டத்துக்கு உட்பட்டதாயிற்று. இன்று கைப்பேசியில், ஆட்டம் நடக்கும் தொண்ணூறு நிமையமும், அடுத்த மஞ்சள் அட்டை யார்க்கு என்பதன்மேலும் பணம் வைக்கலாம்.

இதில் கடைக்காரன் தோற்பதில்லை என்பதை ஒரு சிறு கணக்கால் காண்க. ஒரு போட்டிக்கு, முதலணி வென்றால் ஒன்றுக்கு 2.50, நிகராயின் 3.20, எதிரணி வென்றால் 2.80 எனக் கடை விலை வைத்ததாகக் கொள்வோம். எது நேரினும் 100 ஈரோ கைக்கு வருமாறு ஒருவன் மூன்றின்மேலும் பணம் வைப்பானாயின், முறையே 40, 31.25, 35.71 ஆக ஏறத்தாழ 107 ஈரோ செலவிட வேண்டும். மிகுதி 7 ஈரோ கடையின் ஊதியம். இத்தகைய ஐந்து போட்டிகளை ஒரே சீட்டில் கோத்தால், வைத்த 100இல் 71 அளவே மீளும் என்பது கணக்கு. இஃது ஊழன்று, வகுத்தல் கணக்கு.

கள்ளமேனும் ஒழிந்ததா? 2011இல் கிரெமோனா நகரில் தொடங்கிய உசாவல், போட்டி முடிவுகளை விலைபேசிய கூட்டங்களை வெளிக்கொணர்ந்தது. 2023 அக்டோபரில், யுவெந்தசுக் கழகத்தின் நிக்கோலோ பாசோலி 7 திங்களும், மிலானிலிருந்து இங்கிலாந்தின் நியூகாசிலுக்குச் சென்றிருந்த சாந்திரோ தொனாலி 10 திங்களும் ஆடத் தடைபெற்றனர். இருவர்க்கும் அகவை இருபத்து மூன்றுக்கு மேற்படவில்லை. தெருதோறும் ஒப்புதல் பெற்ற கடைகள் இருந்தும் அவர்கள் சென்றது ஒப்புதலற்ற தளங்களுக்கே. மருத்துவமும், இளையோரிடம் சென்று தம் பட்டறிவைக் கூறுதலும் ஒறுப்பின் பகுதியாக வைக்கப்பட்டமை பாராட்டற்குரியது. ஆயின் அவர்களை ஒறுத்த அமைப்பு தன்னைத் திருத்திக்கொண்டதா?

2018இல் இத்தாலிய அரசு சூது விளம்பரங்களைத் தடைசெய்தது. 2019 முதல் ஆட்டக்காரர் சட்டையிலும் அவை இடம்பெறலாகாது. நல்ல சட்டம். ஆனால் 2024இல், மிலான் நகரின் மற்றொரு கழகமாகிய இன்டரின் மார்புச் சட்டையில் 'பெட்சன் இசுப்போர்ட்டு' என்னும் பெயர் ஏறிற்று. அது பணையக் கடையன்று, விளையாட்டுச் செய்தித் தளமாம்! பெட்சன் என்பதோ சுவீடன் நாட்டுப் பணையக் குழுமத்தின் பெயர். பெயரின் வாலை மாற்றிச் சட்டத்தின் கண்ணைக் கட்டும் இவ்வித்தையைச் சிறுவனும் அறிவான்; அரசு அறியாதா? 2023இல் அந்நாட்டில் எல்லாவகைச் சூதிலும் வைக்கப்பட்ட தொகை, வென்றதை மீண்டும் வைத்ததும் சேர்த்து, 14,700 கோடி ஈரோவுக்கு மேல். அரசுக்குச் சேர்ந்தது 1,100 கோடிக்கு மேல். அறியாமைக்குக் காரணம் இங்கே இருக்கின்றது.

முற்றத் தடுத்தால் சூது மறைவிற் செழிக்கும் என்பார் கூற்றில் உண்மை உண்டு. 1980 அதற்குச் சான்று. ஆனால் திறந்துவிட்டாலும் மறைவு ஒழியாது என்பதற்கு 2023 சான்று. ஆகவே வேண்டுவது, சூதின் வருவாயை நம்பி வரவு செலவு வகுக்காத அரசு. நிமையத்துக்கு நிமையம் பணம் வைப்பதைத் தடுக்கும் துணிவு. வேறு பெயரில் வரும் விளம்பரத்தையும் விளம்பரமென்றே கொள்ளும் நேர்மை. திருவள்ளுவர் சூதினை அறத்துப்பாலில் வையாது, அரசியல் கூறும் பொருட்பாலில், கள்ளுண்ணாமைக்கு அடுத்து வைத்தமை எண்ணத்தக்கது. சூது தனியொருவன் இழுக்கம் மட்டுமன்று, நாடாள்வோர் பொறுப்புமாகும். இருபது அகவை இளைஞனை ஒறுத்துவிட்டு, அவன் சட்டையில் சூதின் பெயரை எழுதி ஆடவிடும் நாடு, எவரைத் திருத்தப் போகின்றது?