பக்கத்து மெமரி என்னும் மூடநம்பிக்கை

ஆபரேட்டிங் சிஸ்டம் வகுப்பில் மெமரியை எப்படி வரைகிறோம்? நீளமாக ஒரே ஒரு பெட்டி. மேலே 0, கீழே கடைசி அட்ரஸ். பரீட்சைக்கு அது போதும். ஆனால் இன்றைய இரண்டு சாக்கெட் சர்வர் எதிலும் அப்படி ஒரு பெட்டி கிடையாது.

2003-ல் ஏஎம்டி தன் ஆப்டெரானில் மெமரி கன்ட்ரோலரை சிபியுவுக்குள்ளேயே வைத்தது. 2008-ல் நெஹலேம் மூலம் இன்டெல்லும் அதே வழிக்கு வந்தது. அப்புறம் என்ன, ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் சொந்த ராம். இப்படி ஒரு சிபியுவும் அதன் ராமும் சேர்ந்தது ஒரு நோட். அடுத்த நோடின் ராமும் கிடைக்கும், ஆனால் தோராயமாக ஒன்றரை, இரண்டு மடங்கு நேரமாகும். இதற்குத்தான் நியூமா என்று பெயர்.

ஒரு பேஜை எந்த த்ரெட் முதலில் தொடுகிறதோ, அது ஓடும் நோடிலிருந்தே மெமரி கொடுப்பது லினக்ஸ் கெர்னலின் வழக்கம். நல்ல வழக்கம்தான். என் சண்டை அதோடு இல்லை. "பக்கத்தில் இருப்பதே எப்போதும் உசத்தி" என்று அதை வேதவாக்காக்கும் புத்தியோடுதான்.

அந்தப் புத்தி என்ன செய்தது தெரியுமா? ஸோன் ரீக்ளெய்ம் என்று ஒரு வசதி. தன் நோடில் இடம் தீர்ந்தால், அடுத்த நோடைக் கேட்பதற்கு முன், தன்னிடம் இருக்கும் ஃபைல் கேஷைத் தூக்கி எறிந்து இடம் பண்ணும். நோடுகளுக்கு இடையே தூரம் அதிகம் என்று ஹார்டுவேர் அட்டவணை சொன்னால், பூட் ஆகும்போதே இது தானாக ஆன் ஆகிவிடும். விளைவு? அடுத்த நோடில் ராம் சும்மா கிடக்க, எறிந்த ஃபைலையே மறுபடி டிஸ்கிலிருந்து படிக்க வேண்டியிருந்தது. மாடி அலமாரி நிரம்பிவிட்டது என்று புத்தகத்தைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டு, கீழ் அலமாரி காலியாக இருக்க, கடைக்கு ஓடி அதையே திரும்ப வாங்குவது மாதிரி! தூரத்து ராம் இரண்டு மடங்கு மெதுவென்றால், ஹார்ட் டிஸ்க் பல்லாயிரம் மடங்கு மெதுவு. 2014-ல் வந்த 3.16 கெர்னலில்தான் இதை டிஃபால்ட்டாக அணைத்தார்கள்.

"சில வேலைகளுக்கு அது தேவைதானே?" என்பீர்கள். ஆமாம், ஒரு நோடுக்குள் அடங்கும்படி கச்சிதமாகப் பிரித்து எழுதிய கணக்குகளுக்கு லாபம்தான். ஆனால் அப்படி எழுதத் தெரிந்தவருக்கு அந்த ஸ்விட்சைப் போடவும் தெரியும். தெரியாதவர் தலையில் கட்டுவதற்குப் பெயர் டிஃபால்ட் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், பூட் ஆகும் நேரத்தில் கெர்னல் தன் சொந்த டேட்டாவை எல்லா நோடுகளிலும் மாற்றி மாற்றிப் பரப்பித்தான் வைக்கிறது. முதல் நோட் மட்டும் நிரம்பிவிடக் கூடாதாம்! 2015-ல் மைஎஸ்க்யூஎல்லும் தன் பஃபர் பூலை அப்படிப் பரப்ப ஒரு ஆப்ஷன் கொண்டுவந்தது.

இதெல்லாம் தெரியாமல் நானும் மாட்டியிருக்கிறேன். பெரிய மேட்ரிக்ஸ் ஒன்றை மெயின் த்ரெட்டிலேயே பூஜ்ஜியத்தால் நிரப்பிவிட்டு, வேலையை எல்லா த்ரெட்டுக்கும் பிரித்துக் கொடுத்தேன். மொத்த மேட்ரிக்ஸும் ஒரே நோடில்! இரண்டு நாள் கெர்னலைத் திட்டினேன். நிரப்பும் வேலையையும் த்ரெட்டுகளுக்கே பிரித்துக் கொடுத்ததும் சரியானது. தப்பு என்னுடையது, கொஞ்சம் அந்த ஒற்றைப் பெட்டிப் படத்துடையதும்.

பாடத்திட்டம் போடுகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: இரண்டு பெட்டி வரையுங்கள், நடுவே ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டைத் தாண்ட என்ன செலவு, தாண்டாவிட்டால் என்ன செலவு, இரண்டையும் சொல்லிக் கொடுங்கள். மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.