டைட்டிலைப் பாத்தே பயந்துட்டியா மச்சான்?

போன செமஸ்டர் எங்க கிளாஸ்ல ஒரு டீம், ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் எமல்ஷன் எடுத்தாங்க. சிம்போசியம் டி-ஷர்ட் அடிக்கும்போது மெஷ் மேல பூசுவாங்களே, அதேதான். யூவி லைட் பட்ட இடம் இறுகிடும். படாத இடம் தண்ணியில கழுவினா போயிடும், அது வழியா இங்க் இறங்கும். மூணாவது வாரமே ப்ராஜெக்ட் டிராப்! அதே மாதிரி தலைப்புல ஒரு அமெரிக்க பேட்டன்ட் இருந்துச்சாம். "ஏற்கெனவே எடுத்துட்டாங்க, விடுங்கப்பா"ன்னு கைடும் சொல்லிட்டார்.

கிளெய்ம் இருக்குற பக்கத்தை யாருமே திறக்கல. என் கோபம் அதுலதான்.

பேட்டன்ட்டின் தலைப்போ சுருக்கமோ உரிமையின் எல்லையைச் சொல்வதில்லை. அதைச் சொல்வது கிளெய்ம். நம்ம பேட்டன்ட் சட்டத்தின் 10-ஆம் பிரிவும் இதைத்தான் சொல்கிறது. சும்மா ஒரு கிளெய்மைக் கற்பனை பண்ணுவோம்: மெஷ், அதன் மேல் பாலிவினைல் ஆல்கஹாலும் டயசோவும் உள்ள ஒரு பூச்சு. நீங்க டயசோ இல்லாம வேற சென்சிடைசர் போட்டா, எழுத்துப்படி அதுக்குள்ள வரமாட்டீங்க. ('ரெண்டும் சமம்தானே'ன்னு வக்கீல் வாதாடலாம், அது தனிச் சண்டை.) சரி, எல்லாத்தையும் போட்டு, கூடவே ஒரு சாயமும் சேர்த்தா? கிளெய்ம்ல 'கம்ப்ரைசிங்'னு இருந்தா மாட்டினீங்க. 'கன்சிஸ்டிங் ஆஃப்'னு இருந்தா பெரும்பாலும் தப்பிச்சீங்க.

ஒரு வார்த்தைக்கு இவ்வளவு பில்டப்பான்னு கேக்கலாம். 2004-ல அமெரிக்காவில் தீர்ப்பான ஷெஃப் அமெரிக்கா வழக்கைப் பாருங்க. மாவை சுமார் 400 முதல் 850 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குச் சூடாக்கணும்னு கிளெய்ம். அவங்க நினைச்சது அடுப்போட சூடு, எழுதினது மாவோட சூடு. மாவு அந்தச் சூட்டுக்குப் போனா கரிதான் மிஞ்சும்! கோர்ட் இரக்கமே காட்டல. 'அட்'னு எழுதல, 'டு'ன்னு எழுதியிருக்கீங்க, எழுதினபடிதான் படிப்போம்னுட்டாங்க. எதிராளியோட மாவு அந்தச் சூட்டைத் தொடவே இல்ல, அதனால மீறலும் இல்ல. எமல்ஷன் பேட்டன்ட்ல '40 டிகிரியில் உலர்த்தி'ன்னு வந்தா, அது அறையோட சூடா, பூச்சோட சூடான்னு நிதானமா பாக்கணும்.

ஒண்ணு ஒத்துக்கறேன். 'இது புதுசா?'ன்னு பாக்கும்போது கிளெய்ம் மட்டும் போதாது. உள்ளே விளக்கத்துல எழுதியிருந்தாலே அது பழசுதான், அதனால அதையும் படிக்கணும். ஆனா செய்யலாமா கூடாதா என்பது வேற கேள்வி. அமெரிக்க பேட்டன்ட் இங்கே செல்லாது. இந்திய பேட்டன்ட்டே இருந்தாலும், வெறும் பரிசோதனைக்கும் ஆராய்ச்சிக்கும், மாணவர்களுக்குக் கற்பிக்கவும் பயன்படுத்தலாம்னு 47-ஆம் பிரிவே சொல்லுது. லேப்ல நாலு மெஷ் பூசினதுக்கு யாரும் நோட்டீஸ் அனுப்பப் போறதில்ல.

அந்த டீம் இப்போ முகத்தைப் பாத்து அட்டெண்டன்ஸ் போடுற ஆப் பண்றாங்க. அதுக்கு எத்தனை பேட்டன்ட் இருக்குன்னு இந்தத் தடவை யாரும் தேடவே இல்ல.